நீலப் பீப்பாய் ஒன்று

குழுவின் வரலாறு கேட்டு
விழாக் கமிட்டி ஒரு படிவம் அனுப்பியிருக்கிறது.
தொடங்கிய ஆண்டு என்ற கட்டத்தில்
மாங்காய் சீசன் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு நம்பர் போடச் சொன்னாள் லூர்துமேரி.
எந்த நம்பர் என்பதில் ஒத்துவரவில்லை.
அவளுக்கு இரண்டாவது மகன் தவழ்ந்த வருஷம்,
எனக்குக் கூலி முப்பத்தெட்டு ரூபாய் ஆன வருஷம்.

காவேரிப்பட்டணத்துக்கு வெளியே மாங்கூழ் ஃபேக்டரி.
நைட் ஷிப்ட். கரண்ட் போனது.
டீசல் வாங்கப் போன வேன்
போச்சம்பள்ளி ரோட்டில் எங்கோ படுத்துவிட்டது.
நாற்பது பெண்கள், முழங்கை வரை மஞ்சள்,
இருட்டில், ஈக்களோடு.
திம்மக்காதான் முதலில் தட்டினாள்
காலிப் பீப்பாயை, கொட்டை வாரும் கரண்டியால்.
"தூங்கிடாதீங்கடி, அரை நாள் கூலி புடிப்பான்."
குழுவின் நோக்கம் அவ்வளவுதான்.
படிவத்தில் நோக்கத்துக்கு எட்டு வரி விட்டிருக்கிறார்கள்.

தலைத்துணியை அவிழ்த்து வீசினாள் மாதம்மா.
அவள் அண்ணன் பர்கூர் பக்கம் ஒயில் ஆடுகிறவன்.
அவன் ஆட ஆட, இவள் கால்
வீட்டுக்குள் அடுப்போரம் கற்றுக்கொண்டிருந்திருக்கிறது.
நாங்களும் வரிசை கட்டினோம்.
தரையெல்லாம் தோல், வழுக்கியவளைப்
பக்கத்தில் இருந்தவள் பிடித்தாள்.
அந்தப் பிடி இன்றைக்கும் எங்கள் மூன்றாம் அடவில் இருக்கிறது.
பார்ப்பவர்கள் அழகு என்கிறார்கள்.

எண்ணிக்கைதான் தகராறு.
திம்மக்காவுக்குக் கன்னடம், ராஜம்மாவுக்குத் தெலுங்கு,
ஷாகிராவுக்கு உருது.
ஏழில் திரும்ப வேண்டும்:
ஏளு, ஏடு, ஏழு
என்று ஒரே வாயாக நாங்கள் இழுக்கும்போது
ஷாகிராவின் *சாத்* மட்டும்
கன்னத்தில் அறைந்த மாதிரி விழும்.
அதையே தாளமாக வைத்துக்கொண்டோம்.

முதல் வரவு: ஐந்நூறு ரூபாய், புளிச்சோறு.
முதல் செலவு: சேலத்தில் பழைய சலங்கை பதினாறு ஜோடி,
பஸ்ஸில் சலங்கைக்கும் சேர்த்து லக்கேஜ் சீட்டு.
பொம்பளை துணி வீசுவதா என்று
மாதம்மாவின் அண்ணனே வந்து மேடை முன்னால் நின்றான்.
முழுசும் பார்த்தான்.
இடது கால் பிந்துது என்று சொல்லிவிட்டுப் போனான்.
மாங்கனிக் கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கினோம்.
போட்டியிட்டது இரண்டு குழு.

பிறகு அந்தத் திருவிழா. ஊர்ப் பெயர் வேண்டாம்.
மாதம்மாவும் அவள் தெருக்காரிகள் இருவரும்
கோயில் வாசலுக்கு வெளியே ஆடட்டும் என்றார்கள்,
மரியாதையாகத்தான், மோர் கொடுத்துவிட்டு.
பதினொரு பேர் வெளியே ஆடினோம்.
ஆறு பேர் உள்ளே போனார்கள்.
அந்த ஆறு பேர் மறுவாரமே கிருஷ்ணகிரிக்குப் போய்
எங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள்.
நன்றாகவே ஆடுகிறார்கள், இன்னமும்.
மூன்றாம் அடவில் அவர்களும் பிடிக்கிறார்கள்
விழாத ஒருத்தியை.

ஆகவே, பதிவு எண்: இல்லை.

சொத்து விவரம்: நீலப் பீப்பாய் ஒன்று.
அது நம்மதில்லை என்றாள் லூர்துமேரி.
உண்மைதான். கேட் பாஸ் என்னிடம் இருக்கிறது:
இரண்டு நாளில் திருப்ப வேண்டியது,
சூப்பர்வைசர் முனிரத்தினம் கையெழுத்து.
ஃபேக்டரி சிமெண்ட் குடோன் ஆகிவிட்டது.
முனிரத்தினம் எங்கே என்று தெரியவில்லை.
கடன் என்ற கட்டத்துக்கு அதை மாற்றி எழுதினேன்.
அங்கே அது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

தற்போதைய உறுப்பினர்: பதினான்கு.
மாதம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதால்
நாற்காலியில் உட்கார்ந்து திட்டுகிறாள்.
ஞாயிறு ஆறு மணிக்கு ஒத்திகை.
ஷாகிராவின் மருமகள் புதிதாக வருகிறாள்,
ஓசூரில் வளர்ந்தவள், இங்கிலீஷில்தான் எண்ணுவாளாம்.
செவன் எங்கே விழும் என்று
இன்னும் பார்க்கவில்லை.